எல்லாரும் ஒத்துக்கொள்வதை ஏன் எழுத வேண்டும்?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உயர்தரக் கலைப்பிரிவுக்குத் தமிழ், வரலாறு, அளவையியல் கற்பிக்கும் ஆசிரியத் தம்பி தங்கையருக்கு,

களுதாவளையில் இருக்கும் இளைப்பாறிய ஆசிரியன் நான். பல்கலைக்கழகம் போன ஊர்ப் பிள்ளைகள் தங்கள் இறுதியாண்டு ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுக்க முன் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். எழுத்துப்பிழை பெரிய வேலை இல்லை. அது முடிந்தபின் நான் கேட்கும் ஒரு கேள்வியில்தான் பிள்ளைகள் தடுக்கி நிற்கிறார்கள். "இதுல நீ என்ன சொல்ல வாறாய்?"

"வெற்றிலைச் செய்கையைப் பற்றிச் சொல்லியிருக்கன், சேர்."

"அதைப் பற்றி என்ன சொல்லியிருக்காய்?"

பதில் இல்லை. தலைப்புப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். இன்ன ஊரில் இன்ன விடயம், ஒரு கோடு, பிறகு 'ஓர் ஆய்வு'. உள்ளே ஊரின் எல்லை, மண் வகை, சனத்தொகை, ஒரு வரலாற்றுக் குறிப்பு, வினாக்கொத்து, அட்டவணைகள், வண்ணப்படங்கள். எல்லாம் உழைத்துச் சேர்த்தவை. வெயிலில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்துக்கு வந்தால் 'வெற்றிலைச் செய்கை இவ்வூர் மக்களின் வாழ்வாதாரத்தில் முக்கிய இடம் பெறுகின்றது' என்று ஒரு முடிவு. களுதாவளையில் இதை மறுக்கப் போகிற மனிதர் யார்? விடியப்புறத்தில் வெற்றிலைக் கட்டோடு சைக்கிளில் போகிறவருக்கு இதைச் சொல்ல ஒரு பல்கலைக்கழகம் தேவையா?

இந்தக் குறையைப் பல்கலைக்கழகத்தின் தலையில் மட்டும் போட எனக்கு மனமில்லை. இருபத்துமூன்று வயதில் ஒரு பிள்ளை திடீரென்று இப்படி எழுதத் தொடங்குவதில்லை. நம்முடைய வகுப்பில் பழகியதைத்தான் அங்கேயும் எழுதுகிறது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

நான் சொல்ல வருவது ஒன்றே. மறுக்கக்கூடிய ஒரு கூற்றை எடுத்து, அதற்குக் காரணம் காட்டி, அந்தக் காரணத்துக்குள் ஒளிந்திருக்கும் எடுகூற்றையும் தோண்டி எடுத்து, எதிராளிக்கும் பதில் சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். அதற்கு ஏற்ற வயது உயர்தர வகுப்பு. அதற்கான கருவிகள் எல்லாம் ஏற்கெனவே நம் பாடத்திட்டத்துக்குள் கிடக்கின்றன. ஆனால் தவறான பெட்டிக்குள் கிடக்கின்றன.

உயர்தரக் கலைப்பிரிவில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' என்று ஒரு தனிப்பாடம் வைத்திருக்கும் நாடு நம்முடையது. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை நியாயத்தொடை, போலிகள், ஜோன் ஸ்ருவட் மில்லின் முறைகள், கார்ல் பொப்பரின் பொய்ப்பித்தல் கொள்கை, தோமஸ் கூன் எல்லாவற்றையும் தமிழிலேயே படிக்கிறது. எத்தனையோ நாடுகளில் இந்த வயதுப் பிள்ளைக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. என்ன நடக்கிறது? எல்லா மனிதரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர் என்று எழுதி முடிய மணி அடிக்கிறது. அளவையியல் கொப்பி பைக்குள் போகிறது, தமிழ்க் கொப்பி வெளியே வருகிறது. "கண்ணகியின் பாத்திரப் படைப்பை ஆராய்க." பிள்ளை பொயின்ட்ஸ் எழுதத் தொடங்குகிறது. முந்திய நாற்பது நிமிடமும் இந்த நாற்பது நிமிடமும் ஒருவரை ஒருவர் அறியாத அயலவர்கள்.

நம் பழைய நூல்களில் இந்தப் பிரிவினை இல்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு முதலில் கற்பிப்பது அளவையியல். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை தெரிவது ஏது, அடுக்களை எடுத்துக்காட்டு. இதுவரை உங்களுக்கும் தெரியும். அதற்குப் பின் வரும் போலிகளின் பட்டியலைத்தான் நாம் யாரும் வகுப்பில் தொடுவதில்லை. பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப் போலி பத்து. அந்த ஒன்பதில் ஒன்று, எதிராளி முன்னமே ஒத்துக்கொண்டதை அவருக்கு நிறுவப் புறப்படுவது. உலகில் எல்லாமே நிலையற்றது என்று நம்பும் பௌத்தன் முன்னால் போய் நின்று ஒலி நிலையற்றது என்று வாதாடுவதை அந்நூல் உதாரணமாகக் காட்டுகிறது. அந்த வாதத்தில் பொய் எதுவும் இல்லை. என்றாலும் அது பழுதான வாதம், ஏனென்றால் அங்கே வாதமே தேவைப்படவில்லை. வெற்றிலை முக்கிய இடம் பெறுகின்றது என்று முடியும் ஆய்வேட்டின் நோய்க்கு நம் காப்பியம் ஒன்றே பெயர் சூட்டி வைத்திருக்கிறது.

சரி, மறுக்கக்கூடிய கூற்று எப்படி இருக்கும், அதை எப்படி நிறுவுவது என்று பிள்ளைக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டும். சோக்கிரட்டீசை விட நல்ல மாதிரி நம் வாவிக்குள் இருக்கிறது.

மட்டக்களப்பு மீன் பாடும் தேன்நாடு என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். மீன்தான் பாடுகிறது என்று எப்படித் தெரியும்? 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்தக் கேள்வியோடு ஒருவர் புளியந்தீவுக்கு வந்தார். அக்காலத்தில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். தான் செய்ததையும் கண்டதையும் 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தன் பெருநூலில் எழுதியிருக்கிறார். இரண்டு மூன்று பக்கம்தான். ஒரு துணிபை எப்படிக் கட்டுவது என்பதற்கு அதை விடச் சிறந்த பாடம் நான் பார்த்ததில்லை.

வாவிக்குள்ளிருந்து இன்னிசை எழுகிறது என்ற கதையைக் கேள்விப்பட்டதும் அவர் முதலில் செய்தது மீனவர்களைக் கூப்பிட்டுக் கேட்டது. தங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்தே அந்த ஓசை கேட்கிறது என்றார்கள். வறண்ட காலத்தில் மட்டும்தான் கேட்கும், மழைக்கு வாவி பெருகினால் நின்றுவிடும் என்றார்கள். இன்னும் ஒன்று சொன்னார்கள், அது நம் தேன்நாட்டுப் பெருமைக்கு இடிக்கும். பாடுவது மீன் இல்லை, ஊரி என்ற ஓட்டுயிர் என்றார்கள். தேடிப்போய் உயிரோடு சில ஊரிகளும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரெனன்ற் அதை அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நம் பிள்ளைகளின் ஆய்வேடுகளில் 'நேர்காணலில் தெரிவிக்கப்பட்டது' என்பதோடு விடயம் முடிந்துவிடும். அவருக்கு முடியவில்லை.

நிலவு எழுந்தபின் மீனவர்களோடு தோணியில் ஏறிக் கோட்டை வாசல் துறையிலிருந்து கொஞ்சத் தூரம் போனார். காற்று இல்லை. துடுப்பு விழும் இடத்தைத் தவிர நீரில் அசைவு இல்லை. ஓசை கேட்டது. ஒரே நீட்டாக வரும் ஓசையாக இல்லை, சின்னச் சின்ன ஓசைகள் பல, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்டன. காதைத் தோணியின் மரத்தில் வைத்தார், ஓசை பெருத்தது. தோணியை நகர்த்தினார். சில இடங்களில் கூடியது, சில இடங்களில் அறவே இல்லாமல் போனது. பழைய இடத்துக்குத் திரும்பியதும் திரும்பவும் கேட்டது.

இங்கேதான் பிள்ளைகளை நிறுத்திக் கேட்க வேண்டும். இவ்வளவையும் வைத்து என்ன முடிவுக்கு வரலாம்? ரெனன்ற் வந்த முடிவு மிகவும் அடக்கமானது. ஓசை எழுப்புவது எதுவாக இருந்தாலும் அது நகராமல் அங்கங்கே ஒரே இடத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். இது மீனவர்கள் சொன்ன ஊரிக் கதையோடு பொருந்துகிறது என்று சேர்த்துச் சொல்கிறார். பொருந்துகிறது என்றால் நிறுவப்பட்டுவிட்டது என்று பொருளில்லை. அந்த வேறுபாட்டை அவர் காப்பாற்றுகிறார்.

அதற்கு மேலும் ஒரு படி போனார். கரையில் கத்தும் பூச்சிகளின் ஒலி நீர்மேல் பரவி வந்து இப்படிக் கேட்கிறதோ என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? அந்த எதிர்வாதத்தைத் தானே எழுப்பிக்கொண்டார். கரைக்கும் தோணிக்கும் இடையில் கோட்டையும் கட்டடங்களும் மறித்து நின்ற இடங்களில்தான் ஓசை கூடத் தெளிவாகக் கேட்டது, ஆகவே கரையிலிருந்து வந்திருக்க முடியாது என்று அதைத் தள்ளினார். எதிராளியின் வாதம் உண்மையானால் எந்த இடத்தில் ஓசை குறைய வேண்டுமோ அந்த இடத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார். பொப்பர் 1934இல் எழுதியதை விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமென்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இத்தோடு விட்டால் வெள்ளைக்காரர் ஒருவரைப் புகழ்ந்ததாகப் போய்விடும். அடுத்த பாடவேளையில் அவருடைய வாதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். ஓசை ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது, ஆகவே மீனை விட ஊரியாக இருக்கவே வாய்ப்பு. இந்த 'ஆகவே'க்கு இடையில் சொல்லாமல் விட்ட எடுகூற்று என்ன? மீன் ஓரிடத்தில் நில்லாது என்பது. சொல்லிவிட்டால் சந்தேகம் வரும். சொல்லாததால்தான் கண்ணில் படாமல் தப்புகிறது.

அந்த எடுகூற்று எல்லா மீனுக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சோசலிற்றோ என்ற இடத்தில் படகுவீடுகளில் குடியிருந்தவர்கள் 1980களில் இரவிரவாக ஒரு முரலும் ஓசையால் நித்திரை கெட்டார்கள். நீருக்கடியில் ஏதோ இயந்திரம் என்று நினைத்தார்கள். பார்த்தால் ஒரு வகைத் தேரை மீன். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் கல்லுக்கடியில் கூட்டைக் காத்துக்கொண்டு, இடத்தை விட்டு அசையாமல், பெண் மீனை அழைக்க மணிக்கணக்காக முரல்கிறது. குறிப்பிட்ட பருவத்தில் மட்டும், இரவில் மட்டும். நம் வாவியில் பாடுவது அந்த மீன் என்று நான் சொல்லவில்லை. ஓரிடத்தில் நின்று பாடும் மீனும் உலகில் உண்டு என்பதால் ரெனன்றின் வாதத்தில் ஒரு கண்ணி கழன்றுவிடுகிறது, அதுதான் செய்தி. அவர் எச்சரிக்கையாக எழுதியதால் முழுச் சங்கிலியும் அறுந்து விழவில்லை. 'நகராத ஏதோ ஒன்று' என்ற பகுதி இன்னும் நிற்கிறது. கூற்றை அளவோடு சொன்னவருக்குக் கிடைக்கும் ஆதாயம் இது. பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்திவிட்டால் 'முழுக்க முழுக்க', 'ஐயமின்றி' என்ற சொற்களை அதுவே வெட்டிவிடும்.

சொல்லாமல் விட்ட எடுகூற்றைத் தேடும் பழக்கம்தான் இந்த முழு வேலையிலும் கடினமான பகுதி. அதற்கு இன்னொரு பயிற்சியும் சொல்கிறேன், இது வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறார். குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுக்கும், நம் பிள்ளைக்கு இது காற்றுப்போல. முக்குவச் சட்டம் என்ற பெயரில் இங்குள்ள வாரிசு முறையைப் பிரித்தோ என்பவர் 1876இலேயே நூலாக எழுதியிருக்கிறார். அக்கரைப்பற்றை மையமாக வைத்து டெனிஸ் மக்கில்வ்றே பல காலம் ஆராய்ந்து 2008இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். சமூகவியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதை வைத்து எழுதும் வாக்கியம் எப்போதும் ஒன்றே: வீடு பெண்ணுக்குச் சொந்தம், ஆகவே மட்டக்களப்பில் பெண்ணுக்கு அதிகாரம் அதிகம்.

இது மறுக்கக்கூடிய கூற்று. அந்த அளவுக்கு நல்லது, முன்னேற்றம். இப்போது கேளுங்கள், அந்த 'ஆகவே' எங்கேயிருந்து வந்தது? உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சொல்தான் வீட்டில் செல்லும் என்பது நடுவில் ஒளிந்திருக்கும் எடுகூற்று. அது உண்மையா? பிள்ளைகள் பதிலைத் தங்கள் வீட்டிலேயே தேடலாம். வீட்டை ஈடு வைக்க முடிவெடுத்தது யார்? மகளை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று சொன்னது யார்? கோயில் கூட்டத்தைப் பாருங்கள். குடி தாயால் வருகிறது. அந்தக் குடியின் சார்பில் முன்வரிசையில் இருக்கும் வண்ணக்கர் என்ற கோயில் பொறுப்பாளர் ஆண். ஒரே ஒரு வண்ணக்கர் போதும், அந்த எடுகூற்று ஆட்டம் காண. கிழக்கில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களை ஆராய்ந்த கஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட நூலில் நிறுவ முயன்றதும் ஏறக்குறைய இதுதான், தாய்வழிச் சொத்துரிமையும் ஆணாதிக்கமும் ஒரே வீட்டுக்குள் சேர்ந்து குடியிருக்கும் என்று.

இந்த இடத்தில் பிள்ளை தன் கூற்றைக் கைவிட வேண்டியதில்லை, திருத்தினால் போதும். வீடு கையில் இருப்பது கணவனை இழந்த, பிரிந்த பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு, ஆனால் ஊர்ப் பொதுமுடிவுகளில் அது அவளுக்கு இடம் பெற்றுத் தருவதில்லை என்று எழுதலாம். முதல் வாக்கியத்தை விட இது நீளம். ஆனால் இதற்கு இரண்டு தனித்தனி ஆதாரம் வேண்டும், இரண்டு தனித்தனி வழியில் மறுக்கலாம். போர்க்காலத்துக்குப் பின்னான நம் கிராமங்களில் இரண்டையும் போய்ப் பார்க்கவும் முடியும். பிள்ளை தோட்டம் தோட்டமாகப் போன உழைப்பு இனி வீண்போகாது, எதைத் தேடிப் போகிறோம் என்று அதற்குத் தெரியும்.

வெற்றிலைக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களுதாவளை மண் வெற்றிலைக்கு ஏற்ற மண், அதனால்தான் இங்கே வெற்றிலை என்பார்கள். மில்லின் வேற்றுமை முறையை எடுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் இதே மணல் செட்டிபாளையத்திலும் இருக்கிறது, தேத்தாத்தீவிலும் இருக்கிறது, களுவாஞ்சிகுடியிலும் இருக்கிறது. அங்கே எவ்வளவு வெற்றிலை? மண் ஒன்றாக இருந்து விளைச்சல் வேறுபட்டால் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் மண் இல்லை. கிணற்று நீரா, தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கமா, வாங்க வருகிற வியாபாரியா? சைக்கிளில் ஒரு பின்னேரம் போதும். அளவையியல் கொப்பியில் எழுத்துகளாகக் கிடந்த மில் அன்றைக்கு வெளியே வருவார்.

வரலாறு கற்பிக்கும் தம்பிமாருக்குக் கஜபாகு. வைகாசியில் நம் கரையெங்கும் கண்ணகை அம்மன் சடங்கு. அந்த மாதத்தில் எழுதப்படும் கட்டுரை ஒவ்வொன்றிலும் கண்ணகி வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தவன் கஜபாகு மன்னன் என்ற வாக்கியம் இருக்கும். எப்படித் தெரியும்? சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகு அங்கே இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மகாவம்ச மரபில் கஜபாகு இருவர், ஒருவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, மற்றவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு. பிந்தியவர் மிகவும் பிந்திவிட்டார், ஆகவே முந்தியவர். ஆகவே செங்குட்டுவன் இரண்டாம் நூற்றாண்டு. ஆகவே சங்க காலம் அதை ஒட்டி. 1904இல் கனகசபைப்பிள்ளை 1800 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரைப் பற்றி எழுதிய நூல் முதல் எத்தனையோ நூல்கள் இந்தப் படிகளில் ஏறியிருக்கின்றன.

படிகளுக்கு நடுவில் இரண்டு பலகை போடாமல் விடப்பட்டிருக்கிறது. பெயர் ஒன்றென்றால் ஆளும் ஒன்று. காப்பியம் எழுதியவர் தன் காலத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறார். இரண்டையும் சொல்லிப் பாருங்கள், இரண்டும் விவாதத்துக்கு உரியவை. முதலாம் கஜபாகுவைப் பற்றி மகாவம்சம் சொல்லும் இடத்தில் பத்தினி என்ற பெயரில் வரும் கண்ணகி வழிபாடும் இல்லை, சோழநாட்டுப் பயணமும் இல்லை. அவை வருவது பல நூற்றாண்டு பிந்திய இராசாவலியத்தில். பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் பெருநூல் எழுதிய கணநாத் ஒபயசேகர, கஜபாகு கதையை வரலாறாகக் கொள்ளாமல் தொன்மமாகவே வாசிக்க வேண்டும் என்று வாதாடினார். அவர் சொன்னது சரியா என்பது வேறு விடயம், அவரோடும் சண்டை பிடித்தவர்கள் உண்டு. பிள்ளை கஜபாகுவை நம்பட்டும், நம்பாமல் விடட்டும். எந்தப் பலகையில் கால் வைத்து நிற்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணகை அம்மனுக்கு இதனால் ஒரு குறையும் வராது, பூசை செய்யும் கப்புகனாரிடமும் நான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

எதிர்க்கட்சியைக் கேட்பது பற்றி ஒரு வார்த்தை. தமிழ்மொழித் தினத்துக்கு விவாதப் போட்டி வைக்கிறோம். பிள்ளைகள் மேசையில் அடித்து நன்றாகப் பேசுகிறார்கள், எனக்கும் பார்க்கப் பிடிக்கும். ஆனால் அதை வாதப் பயிற்சி என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே எதிரணி சொன்னதைக் கேட்டு ஒரு பிள்ளை தன் கருத்தை ஒரு அங்குலம் நகர்த்தினால் அந்த அணி தோற்றுவிடும். நம் முன்னோர் வைத்திருந்த ஒழுங்கு வேறு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தன் சமயத்தைச் சொல்ல முன் பரபக்கம் என்று ஒரு பகுதி முழுவதையும் மற்றவர் கொள்கைகளுக்கே கொடுத்தார். உலகாயதனுடைய வாதத்தை முதலில் அவனே பேசுவதுபோல நிறுத்திவிட்டுத்தான் மறுப்பு. நன்னூல் நூலாசிரியனுக்கு ஏழு மதம் விதிக்கிறது. பிறர் சொன்னதோடு உடன்படுவது அதில் ஒன்று, மறுப்பது ஒன்று, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது ஒன்று, தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது ஒன்று, இருவர் மாறுபட்டு நின்றால் ஒன்றைத் துணிவது ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண நூல். தமிழ் ஆசிரியர்கள் இதை இலக்கணப் பாடத்தில் மனனம் செய்விக்கிறோம். கட்டுரைப் பாடத்தில், "இந்தக் கட்டுரையில் நீ எந்த மதம்?" என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

இதே மண்ணில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ் நூலை வெளியிட்டபோது அழிந்துபோன ஒரு கருவியைப் பற்றி வெறும் பெருமை பேசவில்லை. சுரங்களின் இடைவெளியைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். கணக்காகப் போட்டதால்தான் பின்வந்த இசை அறிஞர்கள் அவரை எதிர்த்தும் எழுத முடிந்தது. அது அவருக்குக் கிடைத்த மரியாதை.

உங்கள் பதில் எனக்குக் கேட்கிறது. "சேர், மார்க்கிங் ஸ்கீம்ல பொயின்ட்ஸ்தான் இருக்கு. வாதம் எழுதினா யார் மாக்ஸ் போடுவாங்க?" நியாயமான கேள்வி. சோதனைக்கு மூன்று மாதம் இருக்கும்போது கஜபாகுவை உடைத்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் ஆண்டின் முதல் தவணை இருக்கிறது. ஒரு விடயமும் கவனியுங்கள். ஒரு கூற்றை முன்வைத்து அதற்குக் காரணமாகப் பொயின்ட்ஸை அடுக்கும் பிள்ளை ஒன்றையும் தவறவிடுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் எதற்காக நிற்கிறது என்று அதற்கு ஞாபகம் இருக்கும். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு நாலாவது மறந்தால் ஐந்தாவதும் போய்விடும். டியூசன் குறிப்பை ஒழிக்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. அந்தக் குறிப்பில் உள்ள ஒரு வாக்கியத்தை எடுத்து, இது யாருக்கு எதிரான வாக்கியம் என்று கேட்க முடியும்.

வேறொரு தயக்கமும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இப்படிப் பழக்கினால் பிள்ளை நம்மையும் கேட்கும். எதிர்த்துக் கதைக்கிறான் என்று பெற்றோர் முறைப்பாட்டோடு வருவார்கள். வரட்டும். காரணம் கேட்பதற்கும் மரியாதை இல்லாமல் கதைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, அது வீட்டிலேயே படித்துவிட்டு வருகிறது. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் ஆசிரியரைத்தான் அது பார்த்துப் படிக்கிறது, மறுகா எதையும் கேட்பதில்லை.

திருத்தும்போது செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று. சிவப்புப் பேனையால் 'நன்று', 'விரிவாக எழுதுக' என்று எழுதுவதை ஒரு தவணைக்கு நிறுத்திவையுங்கள். கட்டுரையில் உள்ள 'ஆகவே', 'எனவே', 'இதனால்' எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் வேறொன்றும் வேண்டாம். கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, வட்டத்துக்கு முன்னுள்ளதிலிருந்து பின்னுள்ளது வருகிறதா என்று பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு சொல்லுமே இல்லாத கட்டுரையும் வரும். அதற்கு வட்டம் போட இடமில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

இதற்கு வேண்டிய நேரம், நாற்பது நிமிடப் பாடவேளையில் கடைசிப் பத்து நிமிடம், கிழமைக்கு ஒருதரம். தமிழ், வரலாறு, அளவையியல் ஆசிரியர்கள் மூவரும் ஆசிரியர் அறையில் ஒரு தேநீருக்கு இருந்து ஒரே கூற்றை அந்தக் கிழமைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அளவையியல் சேர் வடிவத்தைப் பார்க்கட்டும், வரலாற்று டீச்சர் ஆதாரத்தைப் பார்க்கட்டும், தமிழ் சேர் வாக்கியத்தைப் பார்க்கட்டும். பழைய நூல்கள் வேண்டுமானால் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன, பிள்ளையின் போனிலேயே திறக்கலாம். ரெனன்றின் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குப் பிரதி எடுத்துத் தருவேன்.

முதல் கிழமைக்கான கூற்றை நானே தருகிறேன்: 'களுதாவளை வெற்றிலையின் விலையைத் தீர்மானிப்பவர் வாங்க வரும் வியாபாரிதான், தோட்டக்காரர் அல்ல.' வகுப்பைப் பாதியாகப் பிரிக்க வேண்டாம், எந்தப் பக்கம் என்று பிள்ளையே எடுக்கட்டும். ஒரு காரணம், அந்தக் காரணத்துக்குள் சொல்லாமல் விட்ட ஒன்று, தோட்டக்காரர் ஒருவரிடமும் வியாபாரி ஒருவரிடமும் கேட்டறிந்த ஒரு தகவல், தன் பக்கத்துக்கு எதிராகத் தனக்குத் தெரிந்த மிக வலுவான வாதம். இந்த நாலும் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். ஆம் என்ற பிள்ளைக்கும் இல்லை என்ற பிள்ளைக்கும் அந்த நாலுக்கு மட்டுமே மாக்ஸ். தகவல் சேர்த்தபின் பக்கம் மாறி எழுதுகிற பிள்ளை எதனால் மாறியது என்று சொன்னால் அதற்கு இரண்டு மாக்ஸ் கூடுதலாகப் போடுங்கள்.

அன்புடன்,
இளைப்பாறிய ஆசிரியன் ஒருவன்,
களுதாவளை.